கழுத்துக்கு மேலே

செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு, தோளில் சாப்பாட்டுப் பையோடு, தொழிற்சாலையின் நுழைவுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய டிவிக்கு முன்னால் நின்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். சத்தமாக இல்லை, ஆனால் வாய்க்குள்ளேயும் இல்லை. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அந்தக் கட்டிடத்துக்குள் நான் சொன்ன முதல் கெட்ட வார்த்தை அது. வாசல் காவலர் திரும்பிப் பார்த்தார். தன் காதில் விழுந்தது அதுவாக இருக்க முடியாது என்று முடிவு செய்தவர் போல மறுபடியும் வருகைப் பதிவேட்டில் குனிந்துகொண்டார்.

டிவியில் நான் போட்ட பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் எந்த இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, எது கெட்டால் யாரைக் கூப்பிடுவது, லீவு எப்படிப் போடுவது என்று எல்லாமே ஒரு மென்பொருளுக்குள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. விக்கி என்று சொல்வோம். அதை எழுதுவது, திருத்துவது, பழையதைத் தூக்குவது எல்லாம் என் வேலை. ஒவ்வொரு பக்கத்துக்கும் உச்சியில் அகலமாக ஒரு படம் போட வேண்டும். புதிதாக வந்த பக்கங்களின் படத்தையும் தலைப்பையும் மட்டும் எடுத்து இந்த டிவி பத்துப் பத்து விநாடியாகக் காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது டிவிக்குத் தேவையில்லை. பார்க்கிறவர்களுக்கும் தேவையில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

படத்தில் இடது பக்கம் எங்கள் பொறியாளர் மலர்ந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். உச்சிமுடி முதல் சட்டைப் பையில் செருகிய பேனா வரைக்கும் எல்லாம் இருந்தது. வலது பக்கம் ஒரு நீலச் சீருடை. அது கழுத்தோடு முடிந்துவிட்டது. கழுத்துக்கு மேலே படத்தின் விளிம்புதான். ஒரு கை மட்டும் எதையோ சுட்டிக்காட்ட மேலே கிளம்பிப் பாதியில் காணாமல் போயிருந்தது. அடியில் நான் வைத்த தலைப்பு: 'மூடி அடைப்புக்கு முடிவு.' பேக்கிங் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். "சார் மூளையே மூளை" என்றார் ஒருவர். மற்றவர் ஆமோதித்தார். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

நாங்கள் பாட்டில் மூடி தயாரிக்கிறோம். அச்சிலிருந்து வரும் மூடிகள் உயரத்தில் இருக்கும் தொட்டியில் சேர்ந்து, ஒரு தகரச் சரிவு வழியாக வழுக்கிக்கொண்டு கீழே எண்ணும் இயந்திரத்துக்கு வரும். அந்தச் சரிவில் ஒரு வளைவு உண்டு. அங்கேதான் வினை. ஒரு ஷிஃப்டில் பதினாலு பதினைந்து தடவை மூடிகள் அங்கே அடைத்துக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஸ்டூல் போட்டு ஏறி, குச்சியால் குத்துவார்கள். குச்சிக்கு மசியாவிட்டால் கையை விடுவார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல் நகங்கள் பெயர்ந்தே வந்துவிட்டன. இயந்திரம் விற்றவர்கள் வந்து பார்த்து, மூடியின் வழுவழுப்பு போதவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூடி செய்கிறவர்கள் இயந்திரத்தைக் குறை சொன்னார்கள். அடைப்பு மட்டும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

மூடிப் பிரிவில் ஒருத்தி இருக்கிறாள். எங்கள் தொழிற்சாலையில் ஆண்களையும் சேர்த்து அவளைவிட உயரமான ஆள் கிடையாது. கொடிக்கம்பம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லி, பிறகு முகத்துக்கு நேராகவே சொல்லி, கடைசியில் அதுவே அவள் பெயராகிவிட்டது. நான் உயரக்காரி என்று சொல்கிறேன். அதில் கேலி இல்லை. மற்றவர்கள் ஸ்டூல் போட்டுப் பார்க்கும் வளைவு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் பாதியைக் கொடுத்து அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கவிழ்ந்து வருகிற மூடி சிக்குவதே இல்லை, மல்லாந்து வருகிற மூடிதான் விளிம்பில் தட்டி நிற்கிறது என்று கண்டுபிடித்தது அவள். வீட்டிலிருந்து ஒரு பழைய துணி பிரஷைக் கொண்டுவந்து, பாதியாக அறுத்து, வளைவுக்கு முன்னால் கம்பியால் கட்டியதும் அவள்தான். கவிழ்ந்த மூடிகள் பிரஷுக்கு அடியில் வழுக்கிப் போய்விடும். மல்லாந்தவையின் திறந்த வாய் மட்டும் பிரஷ் முடியில் மாட்டும், அவை ஓரத்துக்கு ஒதுங்கிக் கூடையில் விழும். அவ்வளவுதான். பதினாலு அடைப்பு ஒன்றாகக் குறைந்தது. சில நாட்களில் ஒன்றுகூட இல்லை.

பொறியாளர் செய்தது என்ன? கட்டுக்கம்பியை அவிழ்த்துவிட்டு இரண்டு திருகாணி முடுக்கிக் கொடுத்தார். அனுமதிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டார். நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. திருகாணிகளை நேராகத்தான் முடுக்கியிருந்தார்.

அந்தப் பக்கத்தை நான் ஆசையாக எழுதினேன். அதற்குக் காரணம் இருந்தது. மூடிப் பிரிவுக்கு லைன் லீடர் இடம் காலியாகியிருந்தது. உயரக்காரி பதினொரு வருடமாக அதே பிரிவில் நிற்கிறாள். இரண்டு தடவை அந்த இடத்துக்குக் கேட்டு, இரண்டு தடவையும் அவளுக்குப் பிறகு வந்தவர்களிடம் போயிற்று. இந்தத் தடவை 'வேலையில் புதிய முறையைக் கொண்டுவந்தவர்களுக்கு முன்னுரிமை' என்று எழுத்திலேயே போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டைரக்டர், பணியாளர் பிரிவுத் தலைவர், என் மேலாளர் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்வதாக ஏற்பாடு. படம் எடுக்கக் கூப்பிட்டபோது, போட்டோ என்றாலே பின்னால் போய் ஒளிந்துகொள்கிற அவள், தலைமுடியை ஈரக்கையால் படிய வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கையை உயர்த்தி பிரஷைக் காட்டச் சொன்னதும் நான்தான். பொறியாளரும் படத்தில் இருக்க வேண்டும் என்பது என் மேலாளரின் உத்தரவு.

அவள் பெயர் பக்கத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. தலைப்பில் இல்லை. தலைப்பில் ஆள் பெயர் வரக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த விதியை எழுதியவளும் நானேதான், யாரை நொந்துகொள்ள?

இடத்துக்கு ஓடிப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். என் திரையில் படம் ஒழுங்காக இருந்தது. அவள் முகம், அவள் கை, பிரஷ், பொறியாளர், எல்லாம். ஒரு நிமிடம் எனக்கே கண் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. பக்கத்து மேசையின் புதுத் திரையில் போய்ப் பார்த்தால் அங்கே கழுத்து அறுந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது. என் மேசையில் இருப்பது கம்பெனியிலேயே பழைய திரை, கிட்டத்தட்டச் சதுரமானது. மாற்றித் தருகிறேன் என்றபோதெல்லாம் வேண்டாம் என்று பிடிவாதமாக வைத்திருந்தேன், எழுத்து பெரிதாகத் தெரிகிறது என்று. அந்த விக்கி என்ன செய்கிறது என்றால், திரை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குப் படத்தை இழுத்து, மேலேயும் கீழேயும் அறுத்தெறிந்து, நடுவில் இருக்கிற பட்டையை மட்டும் காட்டுகிறது. என் திரையில் பட்டை தடிமன். மற்றவர்கள் திரையில் மெலிசு. நுழைவுக் கூடத்து டிவியில் ரிப்பன். போன வியாழக்கிழமை நான் என் திரையில் பார்த்துத் திருப்தியாக வெளியிட்டுவிட்டு, இரண்டு நாள் லீவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். நாலைந்து நாளாக அந்தத் தலையில்லாத சீருடை ஊருக்கே காட்சி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்று சொல்ல வழி இருக்கும் என்று தேடினேன். இல்லை. படத்தை மேலே தள்ள, கீழே இழுக்க ஒரு பொத்தான்கூட இல்லை. இந்த மென்பொருளில் பக்கத்தின் மூலையில் பலூன் பறக்கவிட வசதி இருக்கிறது. பிறந்தநாள் என்றால் காகிதப்பூ கொட்டும். ஒரு மனுஷிக்கு முகம் எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் வசதி இல்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்காரரிடம் போனேன். நல்ல மனிதர், எதற்கும் பதற மாட்டார், அதுவே அவரிடம் உள்ள குறை. "அது அப்படித்தாங்க மேடம்" என்றார். எனக்கு முன்னால் இதே குறையைச் சொல்லி உலகம் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்களாம். முதல் ஆள் எழுதி ஆறு வருடம் ஆகிறதாம். நானூற்றுப் பதிமூன்றாவதாக என் புகாரைப் பதிவு செய்தார். பதில் வரப் பதினைந்து வேலை நாள் ஆகும் என்று ஒரு சீட்டு எண் கொடுத்தார்.

ஆனால் பதில் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டது. எங்கள் கருத்தை அவர்கள் மிகவும் மதிக்கிறார்களாம். படத்தின் நடுப்பகுதி மட்டும் தெரிவது பிழையில்லையாம், வடிவமைப்பே அப்படித்தானாம். முக்கியமானவற்றைப் படத்தின் நடுவில் வைத்துக்கொண்டால் சிறந்த அனுபவம் கிடைக்குமாம். கடைசியில் ஐந்து நட்சத்திரங்களைக் காட்டி, இந்தப் பதில் உங்களுக்கு உதவியதா என்று வேறு கேட்டிருந்தார்கள்.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்துகொண்டிருந்தது. பதினொரு மணிக்கு டைரக்டர் சுற்றி வந்தார். பொறியாளரைப் பார்த்ததும் நின்று, கை கொடுத்து, டிவியில் பார்த்ததாகவும் இந்த மாதிரி ஆட்கள்தான் கம்பெனிக்கு வேண்டும் என்றும் சொன்னார். நான் ஆறடி தூரத்தில் இருந்தேன். பொறியாளர் கெட்டவர் இல்லை. பொய் சொல்லவில்லை. "டீம் வொர்க் சார்" என்றார், அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையில் பிரஷ், மூன்று வாரச் சாப்பாட்டு நேரம், பதினொரு வருடம் எல்லாம் கரைந்து காணாமல் போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறப்பதற்குள் டைரக்டர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் மூடிப் பிரிவுக்குப் போனேன். கூடையில் விழுந்த மல்லாந்த மூடிகளை அள்ளி மறுபடி தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்தில் நான் கிட்டே போய்த்தான் பேச வேண்டியிருந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். என் பழைய திரையைப் பற்றி, பட்டையைப் பற்றி, நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டு முடித்து நிமிர்ந்தாள். சிரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டு ஆல்பத்துலயும் பாதி போட்டோல எனக்குத் தலை கிடையாதுக்கா. பழகிப்போச்சு."

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. கூடையைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கெழமையிலேருந்து பாத்துட்டுதான் இருக்கேன். லீவு முடிஞ்சு வந்ததும் நீங்களே வந்து சொல்வீங்கன்னு நினைச்சேன். டிவிய அண்ணாந்து பாக்காத ஆளே இல்ல. ஒருத்தர்கூட, இது யாருன்னு கேக்கல. எனக்கு அந்த எடம் கெடைக்காட்டிப் போகட்டும். ஆனா என்னோடதை என்னோடது இல்லன்னு ஆக்கிட்டு, அப்புறம் பாவம்னு அந்த எடத்தக் குடுக்காதீங்க. அது வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை அவள் எனக்குச் சொன்னாளா, கம்பெனிக்குச் சொன்னாளா என்று கேட்கத் தோன்றவில்லை. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வெறும் கையோடு போயிருந்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

புதன்கிழமை முழுக்க அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினேன். இரண்டு பக்கமும் வெள்ளை இடம் விட்டு, நடுவில் படத்தைச் சுருக்கி வைத்தேன். எல்லாத் திரையிலும் எல்லாத் தலையும் தெரிந்தன, தபால்தலை அளவில். டிவியில் பார்த்தால் வெள்ளைச் சுவரில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. என் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு உடனே எடுக்கச் சொன்னார். வெள்ளை இடம் கம்பெனியின் வடிவத்துக்கு ஒத்துவராதாம். உயரக்காரியை மட்டும் தனியாக எடுத்துப் போடலாமே என்றேன். பொறியாளர் மனசு கஷ்டப்படும் என்றார். பொறியாளருக்கு மனசு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு நாற்காலியில் சாய்ந்து, ரொம்பச் சுலபமான விஷயத்தை நான் பெரிசு பண்ணுவதாக முகத்தை வைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"இன்னொரு போட்டோ எடுத்துடுங்க. அந்தம்மாவைக் கொஞ்சம் குனிஞ்சு நிக்கச் சொல்லுங்க. முடிஞ்சுது."

"சாரை ஸ்டூல் மேல ஏத்தி நிக்க வெச்சா என்ன சார்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது நன்றாகவா இருக்கும் என்றார். நன்றாக இருக்காதுதான். ஒரு பொறியாளர் ஸ்டூலில் நிற்பது அசிங்கம். ஒரு பெண் அவள் உயரத்தை மடித்து இடுப்புக்குள் செருகிக்கொண்டு சிரிப்பது அழகு. இத்தனைக்கும் அந்த உயரம் இல்லாவிட்டால் இன்றைக்கும் பதினாலு தடவை இயந்திரம் நின்றுகொண்டிருக்கும், இன்னும் இரண்டு பேருக்கு நகம் பெயர்ந்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள் இம்மி நகராது. மேலாளர் நகர மாட்டார். டிவி நகராது. நகரக் கூடியவள் அவள் ஒருத்திதான் என்று எல்லாரும் எவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டு விடுகிறார்கள். அவளிடம் போய் இதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். என் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நாள் முழுக்க அறுபது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டு வந்தவர், வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தால்கூடக் கவனிப்பார். என்ன ஆயிற்று என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். விக்கி, பட்டை, வடிவமைப்பு என்று நான் அடுக்கியது எதுவும் அவரைத் தொடவில்லை. மேலாளர் குனியச் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அது சரி. டைரக்டர் கை குடுத்தப்ப நீ அங்கதானே இருந்தே?"

இருந்தேன் என்றேன். அவர் கைகழுவிக்கொண்டு போய்விட்டார். மென்பொருள்காரனைத் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அவன் என் குரலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறான். டைரக்டர் ஆறடியில் இருந்தார்.

வியாழக்கிழமை பக்கத்து மேசை அகலத் திரையில் மூலப் படத்தைத் திறந்து வைத்து, இரும்பு ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்து அளந்தேன். டிவியில் தெரியும் பட்டையின் உயரம் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த அளவில் ஒரு காகிதத்தைக் கீறி நடுவில் சன்னல் வெட்டி, திரையின் மேல் மெல்ல மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். பொறியாளர் முகம் உள்ளே வந்தால் அவள் கழுத்தோடு போகிறாள். இரண்டு முகத்தையும் எப்படியாவது அடைத்துவிடலாம் என்று பார்த்தால் அவள் நெற்றியும் அவர் தாடையும் அறுபடுகின்றன, பிரஷ் வெளியே போய்விடுகிறது. இன்னும் மேலே நகர்த்தினேன். அவள் முகம் வந்தது. உயர்த்திய கை வந்தது. விரல் தொடுகிற இடத்தில் பிரஷ், வளைவு, பாதி வழியில் ஒரு மூடிகூட வந்தது. பட்டையின் அடியில் பொறியாளரின் வகிடு மட்டும் தெரிந்தது, நன்றாக எண்ணெய் வைத்து வாரியது. நடுவைத்தான் காட்டுவேன் என்றால், நடு எது என்று நான் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பட்டையை மட்டும் படத்திலிருந்து வெட்டி எடுத்து ஏற்றினேன். மேலே கீழே அறுப்பதற்கு அதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இந்தத் தடவை என் திரையில் பார்க்கவில்லை. நாலு மேசைக்குப் போனேன், கம்ப்யூட்டர் பிரிவுக்காரரின் கைபேசியை வாங்கிப் பார்த்தேன், பிறகு கீழே இறங்கி டிவிக்கு முன்னால் அதன் முறை வரும் வரைக்கும் காத்து நின்றேன். வாசல் காவலர் நான் வாயைத் திறக்கிறேனா என்று கவனித்துக்கொண்டிருந்தார். கூடவே விதிகள் பக்கத்துக்குப் போய், தலைப்பில் ஆள் பெயர் கூடாது என்று நான் எழுதிய வரியை நானே நீக்கினேன். தலைப்பில் அவள் பெயரைச் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பொறியாளர் என் மேசைக்கு வந்தார். கோபமாக வரவில்லை, அடிபட்டவர் போலத்தான் இருந்தார்.

"மேடம், என் முகம் எங்க?"

"நடுவுல இருக்கறதைத்தான் அது காட்டும் சார். டிசைனே அப்படி."

நின்றார். பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடி செருகினார். "நான் கண்டுபிடிச்சேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல மேடம்" என்றார்.

"இல்லன்னும் சொல்லல சார். நானும் சொல்லல. கூடவேதான் நின்னுட்டிருந்தேன்."

அவர் திரும்பிப் போனார். எங்கே போனார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது. மேலாளர் போன் செய்தார். அந்தப் படத்தை உடனே எடுத்துவிட்டு, ஒரு தகராறும் வேண்டாம், எல்லாப் பக்கத்துக்கும் இருக்கிற நீல நிறத்தையே போட்டுவிடுங்கள் என்றார். தலைப்பையும் பழையபடி மாற்றச் சொன்னார். "புகார் பதிவு பண்ணிட்டேன் சார். பதினஞ்சு வேலை நாள் ஆகுமாம்" என்றேன். சொன்னதைச் செய்யாமலே போனை வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் இதுவும் முதல் தடவை. பிறகு காகிதத்தில் நாலு வரி எழுதினேன். பிரஷ் யாருடையது, யார் மூன்று வாரம் நின்று பார்த்தது, திருகாணி யாருடையது, டைரக்டர் கை கொடுத்த அன்று நான் ஆறடியில் நின்றும் சொல்லாமல் விட்டது. கையெழுத்துப் போட்டு, மாடிக்குப் போய் டைரக்டரின் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி, ஏற்கனவே இருந்த கோப்புக் கட்டின் மேல் வைத்தார். மேலே வைத்தாரே தவிர, உள்ளே போயிற்றா, டைரக்டர் படித்தாரா என்று எனக்கு இந்த நிமிடம் வரை தெரியாது.

மூன்று மணிக்கு மூடிப் பிரிவிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். உயரக்காரி கடைசி. கூட்ட அறைக்கு வெளியே தண்ணீர் இயந்திரம் இருக்கிறது. காகிதக் கோப்பையில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், அங்கேயே நின்றேன். யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று இருந்தது. அவள் வந்தாள். சீருடையைத் தேய்த்துப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், டிவியை அவளும் பார்த்திருப்பாள். என் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்து, கோப்பையை என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே இருப்பவர்கள் யார் என்று போகிறவர்கள் வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று, முழங்கால் உயரத்திலிருந்து ஒரு சாதாரண ஆளின் புருவம் வரைக்கும் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். தாளுக்குக் கீழே மேசைக்கால்களும் பளபளக்கும் மூன்று ஜோடி காலணிகளும் தெரிந்தன. நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லையா, சொல்லியும் இவள் உட்காரவில்லையா என்று தெரியவில்லை. தாளுக்கு மேலே அவள் முகம் மட்டும் இருந்தது.

பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் வெளியே கேட்கவில்லை. நடுவில் நிறுத்தி, கீழே பார்த்து, யாருடைய கேள்வியையோ காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு கையை உயர்த்தினாள். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களைச் சேர்த்து, காற்றில் ஒரு வளைவு வழியாக மெதுவாக நகர்த்தினாள். தடங்கல் இல்லாமல் போயிற்று. கையைத் திரும்பக் கொண்டுபோய், இந்தத் தடவை உள்ளங்கையை மல்லாத்தி அதே வழியில் கொண்டுவந்தாள். அது வளைவுக்கு முன்னால் தட்டி நின்று ஓரமாகச் சாய்ந்தது. தாளுக்குக் கீழே ஒரு ஜோடி காலணி பின்னால் நகர்ந்தது. யாரோ எழுந்தார்கள். தாளின் மேல் விளிம்பில், டைரக்டரின் வழுக்கை விழுந்த முன்நெற்றியும் இரண்டு கண்களும் மட்டும் எழும்பி அவள் கையை அண்ணாந்து பார்த்தன. அவள் மறுபடியும் கையை முதலிலிருந்து கொண்டுவந்தாள், இன்னும் மெதுவாக.